சூலி

மாற்றலாகிப் போன அன்று ரிக்சின் யாங்டோல்
என் மேசையில் ஏழு கொட்டைகளை வைத்தாள்.
ஆப்ரிகாட். லடாக்கில் அவள் வீட்டுப் பின்புறத்து மரம்.
"எங்கள் பேச்சில் சுலி" என்றாள்.
என் காதில் சூலி என்று விழுந்தது.
திருத்திக்கொள்ள மனம் வரவில்லை.

ஈரத்துணியில் சுற்றி, தோசைமாவுக்குப் பின்னால்
இரண்டரை மாதம் ஃப்ரிட்ஜில் கிடந்தன.
கரண்ட் போனால் பாலைப் பற்றிக் கவலையில்லை,
அவற்றைப் பற்றித்தான்.
ஆறு அழுகின.
ஒன்று மட்டும் ஓட்டைப் பிளந்து
அரிசியளவு வெள்ளை வேரை நீட்டியது.

முனீர்க்காவில் தரைத்தள வீடு.
கேட்டுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே
நீலப் பீப்பாயைப் பாதியாய் அறுத்து,
அடியில் ஓட்டையிட்டு, செங்கல் சில்லு, மணல், சாணி உரம்.
வேர் நீரில் நின்றால் செத்துவிடும் என்பதை
ஓர் ஆகஸ்டில் ஏறக்குறையக் கொன்றுதான் கற்றேன்.
பட்டையில் கோந்து வடிந்தபோது
சுண்ணாம்பும் மயில்துத்தமும் குழைத்துப் பூசினேன்.
மரம் நீலம், கை நீலம்,
கணவரின் சட்டைக் காலர் எப்படி நீலமானது என்பதுதான் தெரியவில்லை.

நான்கு வருஷம் இலை. வெறும் இலை.
சூலி என்று கூப்பிடவே கூச்சமாகிவிட்டது.

குளிர் போதவில்லை என்றார் நர்சரிக்காரர்.
ஏழு டிகிரிக்குக் கீழே
இத்தனை நூறு மணி தூங்கினால்தான் மொட்டு விழிக்குமாம்.
இரவு சேர்த்ததைப் பகல் வெயில் கழித்துவிடுமாம்.

அன்றிலிருந்து கணக்கு.
கேஸ் ஏஜென்சி காலண்டரில், வெப்பமானி பார்த்து:
ஐந்து மணி. ஆறரை. மூன்று.
தெருவே நாற்காலியை இழுத்துப்போட்டு
வெயிலில் கடலை உரிக்கும் நண்பகலில்
எங்கள் மரத்துக்கு மட்டும் பழைய வேட்டியால் நிழல்.
தூத்துக்குடிக்காரி நான்.
மார்கழியையே குளிர் என்று நம்பி வளர்ந்தவள்.
ரஜாய்க்குள் சுருண்டுகொண்டு
இறங்கு, இன்னும் கொஞ்சம் இறங்கு என்று
இரவைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு அப்பால்
பிந்தேஸ்வர் மஹதோ இருமினார்.

கேட் காவலாளி. தர்பங்கா.
உடைந்த நாற்காலிக் கால், அட்டைப்பெட்டி,
அகப்பட்டதைப் போட்டுத் தீ மூட்டி
எட்டிலிருந்து எட்டுவரை உட்கார்ந்திருப்பார்.
நான் எழுதிய ஒவ்வொரு மணியும்
அவர் முழங்காலிலும் ஏறியிருக்கிறது.
காலண்டரைக் காட்டினால்
கூட்டல் சரியா என்று அவரே பார்த்துச் சொல்வார்.

ஹீட்டர் கொடுத்தேன்.
கரண்ட் பில்லைச் சொல்லி, கமிட்டி திருப்பி அனுப்பியது.
கவாத்து செய்த கிளைகளைக் கொடுத்தேன்.
ஈர விறகு. புகைதான் வந்தது.
கண்ணைத் துடைத்துக்கொண்டே "நல்ல வாசனை" என்றார்.

வேண்டுவதை நிறுத்தினேனா?
இல்லை.
சத்தமில்லாமல் வேண்டினேன்.

அந்த ஜனவரி, மூடுபனி பதினோரு நாள்.
கழிக்கச் சூரியன் வரவே இல்லை.
கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினேன்.
பன்னிரண்டாம் நாள் கேட்டில் வேறொரு பையன்.
மஹதோ சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில்,
மூக்கில் குழாய் என்றான்.
பேனாவை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பிப்ரவரி கடைசியில் பூத்தது.
இலையில்லாத கட்டையிலிருந்து நேராக
ஒன்பது பூ. வெள்ளையில் கன்றியதுபோல் கொஞ்சம் சிவப்பு.
தேனீயைக் காணோம்.
காது குடையும் பஞ்சுக்குச்சியால்
பூவுக்குப் பூ தொட்டுக்கொண்டிருக்கையில்
கேட் திறந்தது.
மஃப்ளருக்குள் பாதி ஆளாய் மஹதோ.
வெகுநேரம் பார்த்தார்.
"என்ன மருந்து போட்டீங்க இதுக்கு?"

ஏதோ உரம் என்றேன்.

மூன்று காய் பிடித்தது. ஒன்றைக் குரங்கு,
ஒன்றை ஏப்ரல் காற்று.
மிஞ்சியதைப் பழுத்த அன்றே பறித்து
அவர் உள்ளங்கையில் வைத்தேன். முழுசாய்.
கடித்தார். ஒரு கண் மூடிக்கொண்டது.

"புளிப்பு" என்றார்.
"வெயில் பத்தலை."